ஆரணியார் நாவல்களுக்குப் பின்னால் இருந்த ரெய்னால்ட்ஸ் யார்?

கேள்வி இது: "ஆரணி குப்புசாமி முதலியாரைப் பற்றியும் மறைமலையடிகளின் நாவலைப் பற்றியும் படிக்கும்போது ரெய்னால்ட்ஸ் என்றொரு ஆங்கில எழுத்தாளர் பெயர் வருகிறது. நான் ஆங்கில இலக்கியம் படித்தவன். டிக்கன்ஸ், தாக்கரே எல்லாம் பாடத்தில் இருந்தார்கள், இவர் இல்லை. யார் இவர்? மூன்றாந்தர மர்மக்கதைக்காரர் என்று ஒதுக்கிவிடலாமா?"

ஒதுக்க வேண்டாம். ஜார்ஜ் வில்லியம் மக்கார்தர் ரெய்னால்ட்ஸ் 1879 ஜூனில் இறந்தபோது லண்டன் புத்தக வியாபாரிகளின் பத்திரிகை ஒன்று அவரைத் தம் காலத்தில் மக்கள் அதிகம் விரும்பிப் படித்த எழுத்தாளர் என்று எழுதியது. டிக்கன்ஸ் காலமாகி ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. அப்பேர்ப்பட்டவர் பாடப்புத்தகத்தில் இல்லாமல் போனதற்குக் காரணம் அவர் எழுத்தின் தரம் மட்டும் இல்லை. அவர் ஒரு பத்திரிகைக்காரர், மன்னராட்சியே கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னவர், அந்தக் கோபத்தை நாவலுக்குள் கொண்டுவந்து ஏழைகளுக்கு ஒரு பென்னிக்கு விற்றவர். இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால் ரெய்னால்ட்ஸ் நமக்குக் கிடைக்கமாட்டார். தமிழுக்கு வந்தபோது நடந்ததும் இந்தப் பிரிவினைதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஆள். 1814 ஜூலை 23, கென்ட் மாவட்டத்தில் சாண்ட்விச் என்ற ஊரில் பிறந்தார். அப்பா கடற்படை அதிகாரி, சர் பட்டம் பெற்றவர். ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை. எட்டு வயதில் அப்பா போய்விட்டார். 1828இல் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் சேர்த்தார்கள். இரண்டரை வருடத்தில், 1830இல், வெளியே வந்துவிட்டார். அதே வருடம் அம்மாவும் இறந்தார். பதினாறு வயது, கையில் கொஞ்சம் பரம்பரைப் பணம், சொல்லிக்கேட்க ஆள் இல்லை. பையன் பிரான்ஸுக்குப் போனான்.

1830 பிரான்ஸில் எப்படிப்பட்ட வருடம் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜூலையில் பாரிஸ் மக்கள் தெருவில் தடுப்பு கட்டி ஒரு அரசனை நாட்டைவிட்டே துரத்தியிருந்தார்கள். அரசன் என்றால் அசைக்க முடியாதவன் என்று ராணுவக் கல்லூரியில் கற்ற பையனுக்கு அந்த ஊர் வேறு பாடம் சொல்லியிருக்கும். பாரிஸிலேயே 1835இல் சூசன்னா பியர்சன் என்ற பெண்ணை மணந்தார். பிறகு சூசன்னாவும் நாவல் எழுதினார். அதே வருடம் ரெய்னால்ட்ஸின் முதல் நாவல் வந்தது. அங்கே ஓர் ஆங்கிலப் பத்திரிகையும் நடத்தினார். பணம் கரைந்தது, 1836இல் கையை விரித்துவிட்டு லண்டன் திரும்பினார். திவால் அவருக்குப் பழகிய சங்கதி. 1848இல் மறுபடியும் நடந்தது. ஆனால் பிரான்ஸிலிருந்து வெறுங்கையோடு வரவில்லை. விக்டர் ஹ்யூகோவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தூக்குமேடைக்குப் போகும் கைதியின் கடைசி நாளைப் பற்றி ஹ்யூகோ எழுதிய சிறு நூலும் அதில் ஒன்று. பிரெஞ்சு நவீன இலக்கியம் பற்றித் தனியாக ஒரு நூலும் 1839இல் வெளியிட்டார்.

லண்டனில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த முதல் காரியம், இன்றைக்கு யாராவது செய்தால் வழக்குப் போடுவார்கள். டிக்கன்ஸின் பிக்விக் கதை அப்போது நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. ரெய்னால்ட்ஸ் அதே பிக்விக்கையும் அவருடைய வேலைக்காரன் சாம் வெல்லரையும் எடுத்து, கப்பலேற்றி, பிரான்ஸ் சுற்ற வைத்து, 'பிக்விக் அப்ராட்' என்று 1837, 38இல் தாமே ஆசிரியராக இருந்த மாதப் பத்திரிகையில் தொடராக எழுதினார். டிக்கன்ஸுக்கு இவர்மேல் இருந்த கசப்பு அங்கேயே தொடங்குகிறது. அடுத்த சில வருடங்களில் இன்னும் பல நாவல்கள் வந்தன. நடுவில் மதுவிலக்கு இயக்கத்தில் சேர்ந்து அதற்கொரு பத்திரிகை நடத்தினார். இவற்றையெல்லாம் தாண்டி 1844க்கு வந்துவிடலாம். உண்மையான ரெய்னால்ட்ஸ் அங்கேதான் இருக்கிறார்.

1844 அக்டோபரில் 'மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்' (லண்டன் மர்மங்கள்) என்ற தொடர்கதை தொடங்கியது. பிரான்ஸில் யூஜீன் சூ எழுதிய 'பாரிஸ் மர்மங்கள்' அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் பெரும்புயல் கிளப்பியிருந்தது. யோசனை அங்கிருந்து வந்ததுதான். ஆனால் விற்ற விதத்தைப் பாருங்கள். வாரம் ஒரு இதழ், விலை ஒரு பென்னி. எட்டுப் பக்கம். பொடி எழுத்து, செய்தித்தாள்போல் ஒரு பக்கத்துக்கு நெடுக்காக இரண்டு பத்தி. முதல் பக்கத்தின் மேலே மரத்தில் செதுக்கி அச்சடித்த ஒரு படம்: யாரோ யாரையோ பாதாள அறையில் தள்ளுவார்கள், அல்லது சுவரேறிக் குதிப்பார்கள். எட்டாம் பக்கம் முடிந்தால் கதை நிற்கும், வாக்கியத்தின் நடுவில் என்றாலும் சரி. மிச்சம் அடுத்த வாரம். டிக்கன்ஸின் தொடர்கள் மாதத்துக்கு ஒரு ஷில்லிங். அதாவது 12 பென்னி. மாதக்கடைசியில் மொத்தமாக ஒரு ஷில்லிங் எடுத்துவைக்க முடியாத குடும்பமும் சனிக்கிழமை கூலியிலிருந்து ஒரு பென்னி தரும். அடுக்குமாடி ஒண்டுக்குடித்தனத்தில் நாலு வீடு சேர்ந்தும் வாங்கலாம்.

இந்த ஒரு பென்னிக்குப் பின்னால் ஒரு வரிக்கணக்கு இருக்கிறது. பலர் கவனிக்காத விஷயம், எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான். அன்றைக்கு இங்கிலாந்தில் செய்தித்தாளுக்கு முத்திரை வரி உண்டு. செய்தி போடுகிற ஒவ்வொரு பிரதிக்கும் அரசுக்கு ஒரு பென்னி கட்டியாக வேண்டும். அதனால் தொழிலாளிகளுக்காக நடந்த பத்திரிகைகூட நாலரை, ஐந்து பென்னிக்குக் குறைந்து விற்க முடியாது. கதைக்கு அந்த முத்திரை தேவையில்லை. அமைச்சரைத் திட்டித் தலையங்கம் எழுதினால் வரி. அதே அமைச்சரைக் கதாபாத்திரமாக்கித் திட்டினால் வரி இல்லை. செய்தித்தாள் ஐந்து பென்னிக்குச் சொல்வதை ரெய்னால்ட்ஸ் ஒரு பென்னிக்குக் கதையாகச் சொன்னார்.

கதை 1831 ஜூலையில், இடி மின்னலோடு ஒரு ராத்திரியில் தொடங்குகிறது. ஸ்மித்ஃபீல்ட் பக்கத்துச் சந்துகளில் வழிதவறிய ஒரு இளைஞன் பாழடைந்த வீட்டில் ஒதுங்குகிறான். அந்த வீட்டின் தரையில் ஒரு கள்ளக்கதவு. அதைத் திறந்தால் கீழே சாக்கடை ஆறு. கொன்ற உடலைத் தள்ளிவிட்டால் தடயமே இருக்காது. அந்த இளைஞன் உண்மையில் ஆண்வேடம் போட்ட பெண் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் தெரியும். இன்னொரு பக்கம் மார்க்கம் வீட்டு அண்ணன் தம்பி, யூஜீனும் ரிச்சர்டும். ஒரு குன்றின்மேல் இருந்த இரண்டு மரங்களுக்கு அடியில் பிரிகிறார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, இதே நாள், இதே இடத்தில் சந்திப்போம். யார் நன்றாக வாழ்ந்தோம் என்று அப்போது பார்ப்போம். நேர்மையான ரிச்சர்ட் செய்யாத குற்றத்துக்குச் சிறை போகிறான். யூஜீன் பேரை மாற்றிக்கொண்டு, கம்பெனி தொடங்கிப் பங்கு விற்று ஊரை ஏமாற்றி, நாடாளுமன்ற உறுப்பினராகவே ஆகிவிடுகிறான். இவர்களைச் சுற்றிப் பிணத்தைத் தோண்டி விற்பவன், கள்ளநோட்டுக்காரன், விபசார விடுதிக்காரி, பாதிரி, பிரபு, மந்திரி என்று லண்டனே நடமாடுகிறது. பிணம் தோண்டும் அந்தோனி டிட்கின்ஸ் இருக்கிறானே, அவனைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

நாவலுக்குள் பத்திரிகைக்காரர் எட்டிப்பார்க்கும் இடங்களைச் சொல்கிறேன். 1838 முதல் 1841 வரை ஜோன்ஸ் என்ற ஒரு பையன் திரும்பத் திரும்ப பக்கிங்காம் அரண்மனைக்குள் நுழைந்து பிடிபட்டான். பத்திரிகைகளில் நாறிய சம்பவம். ரெய்னால்ட்ஸ் கதையில் ஒரு மதுக்கடை எடுபிடிப் பையன் அதேபோல் நுழைந்து, சோபாவுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, விக்டோரியா ராணி பேசுவதைக் கேட்கிறான். ராணி அப்போது உயிரோடு, சிம்மாசனத்தில் இருக்கிறார். 1844இல் இத்தாலியப் புரட்சிக்காரர் மாத்ஸீனியின் கடிதங்களை பிரிட்டிஷ் தபால்துறை ரகசியமாகப் பிரித்துப் படித்தது வெளிவந்து பெரிய ரகளை ஆனது. அந்தச் சூடு ஆறுவதற்குள், கடிதத்தை ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்து மறுபடி ஒட்டும் இருட்டறை நாவலில் வந்துவிட்டது. 1842இல் சுரங்கத்தில் வேலைசெய்யும் குழந்தைகளைப் பற்றி அரசு விசாரணைக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. இருட்டில் கதவைத் திறந்து மூட உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைகள், இடுப்பில் சங்கிலி கட்டிக்கொண்டு தவழ்ந்து நிலக்கரி வண்டி இழுக்கும் சிறுமிகள். அறிக்கையை எத்தனை தொழிலாளி படித்திருப்பான்? ரெய்னால்ட்ஸ் அதை 'ராட்டில்ஸ்நேக்' என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு பெண்ணின் வாயில் சுயசரிதையாக வைத்தார். அவள் திருடி, கெட்டவள். ஆனால் குழந்தையில் சுரங்கத்துக்குள் இறங்கியவள். இவளைக் கெட்டவளாக்கியது யார் என்ற கேள்வியைப் படிப்பவன் தானே கேட்டுக்கொள்வான்.

இன்னொரு இடம். கதை ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நிறுத்திவிட்டு ஒரு பட்டியல் போடுகிறார். நாவலுக்குள் கணக்குப் பட்டியல்! சமூகத்தில் யாருக்கு வருடத்துக்கு எவ்வளவு சராசரி வருமானம் என்று. அரசி: 5,00,000 பவுன். பிரபு: 30,000. மதகுரு: 7,500. நடுத்தர வகுப்பு: 300. உழைக்கும் வகுப்பைச் சேர்ந்தவன்: 20. ஏணியின் கடைசிப் படியில் இருப்பவன்தான் எண்ணிக்கையில் அதிகம், பயனிலும் அதிகம் என்று பக்கத்திலேயே எழுதுகிறார். நான் முதல்முறை படித்தபோது கதையின் போக்கில் பரபரவென்று பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஐந்து எண்களில் வந்து நின்றுவிட்டேன். 5,00,000ஐ 20ஆல் வகுத்தால் 25,000. அந்த வகுத்தலை அவர் செய்து காட்டவில்லை, நம்மிடம் விட்டுவிடுகிறார். ஒரு பென்னி கொடுத்து வாங்கியவனுக்குத் தன் இருபது பவுன் தெரியும், மற்ற நாலு எண்ணும் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

யார் படித்தார்கள், எப்படிப் படித்தார்கள் என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் லண்டன் ஏழைகளை நேரில் கண்டு பேசி எழுதியவர். தள்ளுவண்டியில் காயும் பழமும் மீனும் விற்பவர்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் படிப்பைப் பற்றியும் விசாரிக்கிறார். பலருக்கு எழுத்து தெரியாது. கோடைச் சாயங்காலம் குடியிருப்பு முற்றத்தில் எழுத்துத் தெரிந்த ஒருவன் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பான், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். முதலில் இதழின் படத்தைப் பார்த்துவிட்டு, இவன் ஏன் கட்டப்பட்டிருக்கிறான், என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ளவே வாங்கி வந்து, படிக்கத் தெரிந்தவனைப் பிடிப்பார்கள். அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது ரெய்னால்ட்ஸ் கதைகள் என்று படித்துக்காட்டியவரே மேஹ்யூவிடம் சொல்லியிருக்கிறார். கதையில் போலீஸ் வந்தால் போதும், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். சீமாட்டியின் படபடப்பும் மாளிகை ஆடம்பரமும் வர்ணனையாக வரும்போது ஒரு பெண் குறுக்கிட்டு, நம்ம வரிப்பணம் இப்படித்தான் போகிறது என்று கத்துகிறாள். நம் ஊரில் திண்ணையில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்ட காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. கேட்பவர்கள் கதைக்குள் புகுந்து பதில் பேசுகிறார்கள். ரெய்னால்ட்ஸுக்கு இதைவிடப் பெரிய விமர்சனம் யாரும் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

'லண்டன் மர்மங்கள்' இரண்டு வரிசையாக 1848 வரை வந்தது. பதிப்பாளரோடு பிரிந்த பிறகு ஜான் டிக்ஸ் என்ற அச்சகக்காரரோடு சேர்ந்து 'மிஸ்டரீஸ் ஆஃப் தி கோர்ட் ஆஃப் லண்டன்' (லண்டன் அரசவை மர்மங்கள்) தொடங்கி 1856 வரை நடத்தினார். இதில் முக்கிய வில்லன் யார் தெரியுமா? பிற்பாடு நாலாம் ஜார்ஜ் ஆன இளவரசர். அரச குடும்பத்து ஆளை, பேரைக்கூட மாற்றாமல், பெண்களைக் கெடுப்பவனாகவும் ஊதாரியாகவும் வாரம் தவறாமல் எழுதினார். இரண்டு கதைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 12 வருடம் இடைவிடாத தொடர். அதற்கு நடுவில் 1846 நவம்பரில் தம் பெயரிலேயே 'ரெய்னால்ட்ஸ் மிசலனி' என்ற வார இதழையும் தொடங்கி அதிலும் வேறு தொடர்கள் எழுதினார். 'வாக்னர்' என்ற ஓநாய்மனிதன் கதை அதன் முதல் இதழிலிருந்து வந்தது.

இப்போது 1848 மார்ச் 6க்கு வருவோம். பிப்ரவரியில் பாரிஸில் மறுபடியும் புரட்சி, மறுபடியும் அரசன் ஓட்டம். லண்டனில் டிராஃபல்கர் சதுக்கத்தில் வருமான வரியை எதிர்த்துக் கூட்டம் என்று ஒருவர் அறிவித்திருந்தார். நாடாளுமன்றம் நடக்கும்போது அங்கே கூடக்கூடாது என்று போலீஸ் சொன்னதும் அவர் பின்வாங்கிவிட்டார். கூட்டமோ ஆயிரக்கணக்கில் வந்துவிட்டது, தலைமைக்கு ஆள் இல்லை. ரெய்னால்ட்ஸ் மேலே ஏறினார். வரியைப் பற்றிச் சொல்லிவிட்டு, பிரெஞ்சுக் குடியரசை வாழ்த்திப் பேசினார். முடிந்ததும் மக்கள் அவரை வெலிங்டன் தெருவில் இருந்த அவருடைய இடம்வரை ஊர்வலமாகக் கொண்டுபோய்விட்டார்கள்; அங்கே பால்கனியில் நின்று மறுபடி பேசினார். சதுக்கத்தில் போலீஸோடு கைகலப்பு, நெல்சன் தூணைச் சுற்றியிருந்த பலகைகளைப் பிடுங்கி எறிந்தார்கள், கலவரம் அடங்க மூன்று நாள் ஆனது. அதுவரை கதாசிரியர், அன்றிலிருந்து அரசியல் தலைவர். சாசன இயக்கத்தில் சேர்ந்து, ஏப்ரலில் கூடிய தேசிய மாநாட்டுக்கு டார்பி நகரப் பிரதிநிதியாகப் போனார். வயதுவந்த ஆண் எல்லோருக்கும் வாக்கு, ரகசிய வாக்கெடுப்பு, உறுப்பினர்களுக்குச் சம்பளம் என்று அந்தச் சாசனம் கேட்டவை இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரியும். அன்று அதைக் கேட்டவர்களைச் சிறையில் போட்டார்கள்.

1850 மே 5, ஞாயிற்றுக்கிழமை, 'ரெய்னால்ட்ஸ் வீக்லி நியூஸ்பேப்பர்' வெளிவந்தது. இந்த முறை மறைப்பில்லாமல் செய்தித்தாளாகவே. விலை நாலு பென்னி. 1855இல் முத்திரை வரியும் 1861இல் காகித வரியும் ஒழிந்தபின் விலை இறங்கி 1864இல் ஒரு பென்னி ஆயிற்று. விற்பனை உச்சத்தில் மூன்று லட்சத்தைத் தாண்டியது. 1857இல் இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்தபோது லண்டன் பத்திரிகைகள் பெரும்பாலும் பழிக்குப்பழி என்று கத்தின. ரெய்னால்ட்ஸின் பத்திரிகை கிழக்கிந்தியக் கம்பெனியின் கொள்ளையைக் காட்டி, எழுந்தவர்களுக்கு நியாயம் இருக்கிறது என்று எழுதிய மிகச்சிலவற்றில் ஒன்று. அவர் கதைகளை விரும்பிப் படித்த நம் தாத்தாமார்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

டிக்கன்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாடத்தில் இவர் இல்லாததற்கு அது ஒரு காரணம். 1850 மார்ச் 30 அன்று டிக்கன்ஸ் தம் வாரப் பத்திரிகை 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்'ஐத் தொடங்கினார். முதல் இதழ் முன்னுரையில், மக்களின் கீழ்த்தரமான உணர்ச்சிகளுக்குத் தீனி போடும் சிலரைப் பேர் சொல்லாமல் சாடினார். புரட்சிக்காரர்களின் சிவப்புக் குல்லாயில் தொங்கும் அழுக்குக் குஞ்சம் என்கிற பொருளில் ஒரு வசையும் அதில் உண்டு. படித்தவர்களுக்கு யாரைச் சொல்கிறார் என்று தெரியும். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேரின் அலுவலகமும் ஒரே வெலிங்டன் தெருவில். டிக்கன்ஸும் ஏழைக்காக அழுதவர்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பணக்காரனின் மனசு இளகினால் சரியாகிவிடும் என்று அவர் கதைகள் நம்பின. ரெய்னால்ட்ஸ் கதைகள் வாக்குரிமையும் கூலியும் கேட்டன. எனக்கு டிக்கன்ஸின் வாக்கியங்கள்தான் பிடிக்கும். ஆனால் இந்தச் சண்டையில் நான் ரெய்னால்ட்ஸ் பக்கம்.

1850இல் வந்த 'தி சீம்ஸ்ட்ரஸ்' என்ற தையல்காரப் பெண்ணின் கதை இதற்கு நல்ல உதாரணம். முந்தின வருடம்தான் மேஹ்யூ தையல் வேலைப் பெண்களின் கூலியைப் பற்றிச் செய்தித்தாளில் எழுதி லண்டனை உலுக்கியிருந்தார். கதாநாயகி வர்ஜினியா ராப்பகலாக உட்கார்ந்து ஒரு விலையுயர்ந்த உடையைத் தைத்துமுடிக்கிறாள். அதை எடுத்துக்கொண்டு வேலை கொடுத்தவளிடம் போகிறாள். அவள் இன்னொருத்தியிடம், அவள் அடுத்தவளிடம், அப்புறம் பெரிய கடை, அங்கிருந்து ஒரு சீமாட்டி வீடு. ஒவ்வொரு கையிலும் தையல்கூலி ஏறிக்கொண்டே போகிறது. தைத்தவளுக்குச் சில ஷில்லிங் மட்டும். எல்லோரும் தன்னைவிட மேலிருப்பவர் குறைத்துத் தருகிறார் என்றுதான் சொல்கிறார்கள். இன்றைக்கு வீட்டில் வைத்துப் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்களிடம் கேட்டாலும் இதே சங்கிலியைச் சொல்வார்கள். வீட்டு வேலைக்காரியின் சரித்திரமாக 'மேரி பிரைஸ்', ராணுவத்தில் சவுக்கடியை எதிர்த்து 'சோல்ஜர்ஸ் வைஃப்' என்று அடுத்தடுத்த வருடங்களிலும் இந்தவகை நாவல்கள் வந்தன. சாண்ட்ஹர்ஸ்டில் இருந்தது வீண்போகவில்லை.

அவருடைய குறைகளையும் மறைக்கக்கூடாது. அளவுக்கு மீறி எழுதினார். பெண்களின் உடலை வர்ணிக்க ஆரம்பித்தால் பத்தி பத்தியாகப் போகும். அது விற்பனைக்காகத்தான், வேறு நியாயம் கிடையாது. தற்செயல் சந்திப்புகள் நம்பமுடியாத அளவுக்கு நடக்கும். மன்னராட்சியை ஒழிக்கச் சொன்னவர், தம் நல்லவனான ரிச்சர்டுக்குக் கடைசியில் ஓர் இத்தாலியச் சமஸ்தானத்தின் இளவரசன் பட்டத்தைக் கொடுத்துவிட்டார். இயக்கத்தில் உடன் நின்ற எர்னஸ்ட் ஜோன்ஸ்மேல் பணத்தைக் கையாடினார் என்று பத்திரிகையில் எழுதி, 1859இல் அவதூறு வழக்கில் தோற்றார். கார்ல் மார்க்ஸ் ஒரு கடிதத்தில் அவரைச் சாமர்த்தியமான பணக்கார வியாபாரி என்கிற தொனியில் குறிப்பிட்டிருக்கிறார். அதில் உண்மை உண்டு. அறுபதுகளில் வசதியாகிவிட்டார், கதை எழுதுவதையும் நிறுத்திவிட்டார். ஆனால் பத்திரிகையின் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. பணம் வந்தபின் குரல் மாறியவர்களை நாம் நிறையப் பார்த்திருப்பதால் இதை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இனி நம் பக்கம். இந்திய நூலகப் பட்டியல்களை ஆராய்ந்த பிரியா ஜோஷி, பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்திய வாசகர்களிடம் ரெய்னால்ட்ஸுக்கு இருந்த மவுசை விரிவாக எழுதியிருக்கிறார். இங்கிலாந்து மறந்த பிறகும் இங்கே அவரை விடவில்லை. மராத்தி நாவலின் முன்னோடியான ஹரி நாராயண் ஆப்டேயின் முதல் நாவலுக்கு ரெய்னால்ட்ஸ்தான் மூலம். பிரேம்சந்த் தம் பிள்ளைப் பருவத்தில் ரெய்னால்ட்ஸ் நாவல்களின் உருது மொழிபெயர்ப்புகள் எப்படிச் சக்கைப்போடு போட்டன என்று நினைவுகூர்ந்திருக்கிறார்.

தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் அவரைத் தழுவித் தழுவி எழுதினார். 'இரத்தினபுரி இரகசியம்' ஒன்பது பாகம். மூலம் அந்த 'கோர்ட் ஆஃப் லண்டன்' கதை. இன்னொரு ஆச்சரியம் மறைமலையடிகள். பிற்பாடு தனித்தமிழ் இயக்கம் கண்ட அதே அடிகள் 1911இல் வெளியிட்ட 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி', ரெய்னால்ட்ஸின் 'லெய்லா, மிங்ரீலியாவின் நட்சத்திரம்' என்ற நாவலின் தழுவல். மிங்ரீலியா ஜார்ஜியாவில், கருங்கடல் ஓரம். 'லெய்லா' வந்தது 1856இல், கிரைமியப் போர் முடிந்த வருடம். கருங்கடல் பக்கத்துப் பெயர்கள் லண்டன்காரர்களின் வாயில் புழங்கிக்கொண்டிருந்த நேரம். கதைக்களம் தேர்வதில்கூட அவர் பத்திரிகைக்காரர்தான். அந்த மிங்ரீலியா அடிகள் கையில் நாகநாடு ஆயிற்று.

தழுவும்போது ஊர்ப்பெயர், ஆள்பெயர், பழக்கவழக்கம் எல்லாம் நம் மண்ணுக்கு மாறின. கள்ளக்கதவும் மாறுவேடமும் காணாமல்போன வாரிசும் அழகாக வந்து சேர்ந்தன. லண்டன்காரன் படித்தவுடன் கண்டுகொண்ட நாலாம் ஜார்ஜ், 1840களின் கூலி, நாடாளுமன்ற ஊழல் இவை வரவில்லை; வந்தாலும் இங்கே யாரைக் குறிக்கும்? இளவரசனின் பெயரை எடுத்துவிட்டால் அந்தக் கதை ஒரு கெட்ட இளவரசன் கதை ஆகிவிடுகிறது. நீங்கள் கேட்ட "மூன்றாந்தர மர்மக்கதைக்காரர்" என்ற பேர் நம்மிடையே இப்படித்தான் வந்தது என்று நினைக்கிறேன். ஆரணியார்மேல் எனக்கு வருத்தம் இல்லை. புதினம் என்ற வடிவத்தையே தமிழ் வாசகனுக்குப் பழக்கிக்கொடுத்த வேலை அது.

படித்துப் பார்க்க நினைத்தால், நேரம் குறைவாக இருந்தால் 'வாக்னர்'. சின்னது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதில் அரசியல் குறைவு. 'லண்டன் மர்மங்கள்' முதல் வரிசைதான் சரியான இடம். அதுவும் பழைய பிரதிகளின் ஸ்கேன் கிடைத்தால் அதில் படியுங்கள். எழுத்து பொடியாக இருக்கும், கண் வலிக்கும், இருந்தாலும் எட்டுப் பக்கத்துக்கு ஒருமுறை அந்த மரச்செதுக்குப் படம் வரும். நான் ஒரு நாளைக்கு ஓர் இதழ் என்று வைத்துக்கொண்டு படித்தேன். பக்கத்தில் 'இரத்தினபுரி இரகசிய'த்தின் ஒரு பாகமும் கிடைத்தால் இன்னும் நல்லது; அதற்கு மூலமான 'கோர்ட்' கதையோடு ஒத்துப் பார்க்கலாம். அவருடைய செய்தித்தாள் கைமாறி, பேர் மாறி, கூட்டுறவு இயக்கத்தின் கைக்குப் போய், 1967 வரை ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்தது. கடைசி வரை இடதுசாரிப் பத்திரிகையாகவே.